பழைய பெயரில் ஒரு சிக்னல்

அத்தியாயம் 14

உலகத்தில் கோடானுகோடி வீடுகளில் வைஃபை பெட்டி இருக்கிறது. ஆனால் அதற்குத் தினமும் காலையில் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதுபோல வாரிவிடும் ஒரே அம்மா, இந்த மூன்றாம் மாடி வீட்டில்தான் இருந்தாள்.

தூசு துடைப்பாள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளையும் நிமிர்த்தி, பிறகு தெருப் பக்கமாகச் சாய்த்துவைப்பாள். கேட்டால், "சூடாகுதுல்ல, காத்தாடட்டும்" என்பாள். ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் மலை மலையாகப் படுக்கை விரிப்புகளை மடித்த கை அவளுடையது. மடிப்புக் கலையாமல் பொய் சொல்லவும் வரும்.

அந்தப் பெட்டியைத்தான் இன்று பூட்டப்போகிறார்கள்.

போன வாரம் மூத்த மகள் பெரியவளுக்கு அலுவலகத்திலிருந்து வந்த போன் நினைவிருக்கும். பெரியவளின் வேலை, டாக்டர்கள் முணுமுணுப்பதைக் காதில் வாங்கி அறிக்கையாகத் தட்டச்சு செய்வது. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவது ஒரு டாக்டர். சாப்பிட்டுக்கொண்டே குடல் வியாதியை விவரிப்பது இன்னொருவர். எல்லாவற்றையும் வீட்டு மேஜையில் உட்கார்ந்து பிரித்தெடுத்துவிடுவாள். அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. "நோயாளிங்களோட விவரமெல்லாம் ஊரே உபயோகிக்கிற வைஃபையில போகுது. அடுத்த வாரம் இதே நாள் நாலு மணிக்குச் சோதிப்போம். சரியா இல்லைன்னா மறுநாளிலேர்ந்து உங்களுக்கு வேலை இல்ல" என்றுவிட்டார்கள்.

ஊரே உபயோகிப்பது உண்மைதான். அந்தப் புண்ணியம் அவளுடைய அப்பாவைச் சேர்ந்தது.

அப்பா லிப்ட் மெக்கானிக். அக்கம்பக்கத்துக்கு லிப்ட்காரர். அந்தக் கட்டடத்து லிப்ட் கம்பிக் கதவு போட்ட கிழம். சுற்றிச் சுற்றி மாடிப்படி, நடுவில் இது. உள்ளே நின்றால் போன் டவர் கிடைக்காது. யாராவது மாட்டிக்கொண்டால் தன்னைக் கூப்பிட வேண்டுமே என்று, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பெரிய எழுத்தில் எழுதி, லிப்டுக்குள் பொத்தான்களுக்குக் கீழே ஒட்டிவைத்துவிட்டார். மாட்டிக்கொண்டு கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை. மாட்டிக்கொள்ளாமலே கட்டடம் முழுக்க சினிமா பார்த்தது. இரண்டாம் மாடிப் பல் டாக்டர், பல்லைப் பிடுங்கும்போதே மல்யுத்தம் பார்ப்பார் என்று பேச்சு.

அந்த வைஃபையின் பெயர்: 'அப்பா தூங்குறாரு'.

வைத்தது பெரியவளின் தம்பி, சின்னவன். கொடிக்கம்பம்போல வளர்ந்ததால் அவனுக்கு ஆன்ட்டெனா என்று பெயர். தன் போனிலிருந்து நெட் பகிரும்போதும் அதே பெயர், அதே கடவுச்சொல்தான் வைத்திருந்தான். "நீ எங்க போனாலும் எதையும் தட்ட வேணாம்மா. நான் பக்கத்துல இருந்தா உன் போன் தானா ஒட்டிக்கும்" என்பான்.

இப்போது அவன் பக்கத்தில் இல்லை.

அப்பாவுக்கு உதவியாளாகத்தான் இருந்தான். அப்பாவின் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மெஷின் ரூமில் கை வைக்கும்முன் மெயினை அணைத்து, அதன் மேல் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டினவன்தான் திறக்க வேண்டும். கடவுளே வந்து கேட்டாலும் சாவி கைமாறக் கூடாது. அன்று, "பூட்டு போட்டியாடா?" என்று அப்பா கேட்டார். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "போட்டுட்டேம்பா" என்றான். அவன் அணைத்திருந்தது பக்கத்திலிருந்த விளக்கு ஸ்விட்ச். கீழே யாரோ லிப்டைக் கூப்பிட்டார்கள். சக்கரம் சுற்றியது. லிப்ட்காரரின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தவர் சொன்னது ஒரே வாக்கியம். "என் கண் முன்னாடி நிக்காதே."

"சரிப்பா" என்றான். போய்விட்டான். ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவன் நம்பரைக் கூப்பிட்டால், அப்படி ஒரு நம்பரே இல்லை என்கிறது.

இனி, அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாத சங்கதி. நம்பர் செத்துப்போனாலும் அம்மா அவனுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தாள். 'சாப்பிட்டியா', 'மழை வருது, குடை இருக்கா'. எல்லாம் ஒற்றை டிக்கோடு கிடக்கும். திடீரென்று ஒரு நாள் சாயங்காலம், சேர்ந்திருந்த எல்லாவற்றிலும் மளமளவென்று இரண்டாவது டிக் விழும், போய்ச் சேர்ந்துவிட்டது என்று. பதில் வராது. பிறகு வாரக்கணக்கில் ஒற்றை டிக். வீட்டில் கரண்ட் இல்லாத நாளில் விழுந்ததே இல்லை. அம்மா கண்டுபிடித்துவிட்டாள்: அவன் போனுக்கு இணைப்பு கிடையாது, அது பழைய கடவுச்சொல்லை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறது, இந்தத் தெருவில் அவன் நடக்கும்போது வீட்டு வைஃபையைத் தானாகப் பிடித்துக்கொள்கிறது.

கொம்புகள் தெருப் பக்கம் சாய்ந்த ரகசியம் அதுதான்.

*

"அம்மா, பெட்டியை ஜன்னல்லேர்ந்து எடு" என்றாள் பெரியவள்.

"இப்பதானே துடைச்சு வச்சேன்."

"துடைச்சது போதும். அது என்ன பொண்ணு பார்க்கவா வருது? உள் ரூம்ல வைக்கணும். சிக்னல் தெருவுக்கே போகக் கூடாது."

"உள்ளே புழுக்கமா இருக்குமே."

"உனக்கா, அதுக்கா?"

லிப்ட்காரர் சட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, ராக்கெட் ஏவப்போகிறவரைப்போல வந்து நின்றார். "முதல்ல மெயினை அணை. பூட்டைப் போடு. அப்புறம் கை வை."

"அப்பா, அணைச்சுட்டா நான் எப்படி உள்ள போய் மாத்தறது? இது லிப்ட் இல்ல."

"எல்லாம் லிப்ட்தாம்மா. சிலது மேல கீழ போகும். சிலது போகாது."

"சரி, இந்த ரகம் போகாது. நீங்க போய் லிப்டுக்குள்ள ஒட்டின சீட்டைச் சுரண்டுங்க. அதுதான் உங்க வேலை இன்னைக்கு."

லிப்ட்காரர் முகம் சுருங்கினார். மூன்று விரலில் சுரண்டும் கத்தியைப் பிடித்துக்கொண்டு போனார். பத்து நிமிஷ வேலையை முக்கால் மணி நேரம் செய்தார். சீட்டு போன இடத்தில், புகையேறிய இரும்பு நடுவே வெளுத்த சதுரம் ஒன்று மிச்சமானது.

பெரியவள் மடிக்கணினியில் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். "இதைப் பாரும்மா. பாஸ்வேர்ட் ரெண்டு உண்டு. ஒண்ணு வைஃபைல சேர. இன்னொண்ணு இதுக்குள்ள வந்து மாத்தறதுக்கு. ரெண்டாவது, கடையில வந்தப்ப இருந்ததே இருக்கு. பல் டாக்டர் நினைச்சா நம்மளையே வெளிய தள்ளிக் கதவைச் சாத்தலாம்."

"அவர் நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷனுக்கு எதுக்கு நம்ம சாவி?"

முதலில் அந்த உள்சாவியை மாற்றினாள். பொத்தானை அமுக்கினாலே யாரையும் சேர்த்துக்கொள்ளும் வசதியை நிறுத்தினாள். எத்தனையோ காலமாகப் போடாத புது மென்பொருளைப் போட்டாள். அது ஏறுகிற வரை பெட்டி ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கிடந்தது. அம்மா பக்கத்தில் நின்று, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பதுபோலப் புடவைத் தலைப்பைப் பிசைந்தாள்.

"இப்ப பேரு" என்றாள் பெரியவள்.

"பேரை விட்டுடேன். பேருக்கு என்ன பாதுகாப்பு?"

"ஆபீஸ்காரன் கேக்கறான்மா, 'அப்பா தூங்குறாரு'ன்னா என்ன அர்த்தம்னு. கடவுச்சொல் மாறினா பேரும் மாறட்டும். கட்டடத்துல இருக்கிற அத்தனை போனும் பழசைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கும்."

அம்மா பெட்டியின் கொம்பை மறுபடி துடைத்தாள். "பழசை ஒரு ஓரமா விட்டு வைக்க முடியாதா? உன் வேலைக்கு இடைஞ்சல் இல்லாம?"

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். "முடியுமே. விருந்தாளிக்குன்னு தனி வழி ஒண்ணு இருக்கு. அதுல வர்றவங்க என் கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. ஆபீஸ்ல கேட்டா காரணம் சொல்லணும், அவ்வளவுதான். யாருக்குன்னு சொல்லு, போட்டுடறேன்."

ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. அம்மாவின் நாக்கு நுனிவரை அது வந்தும்விட்டது. அந்த நேரம் பார்த்து லிப்ட்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவர் கையில் இல்லாத இரண்டு விரல்களைத்தான் அம்மாவின் கண் முதலில் பார்த்தது, எப்போதும் அப்படித்தான். இவரிடம் சொன்னால், தெரு முனையில் போய் நின்று திட்டினாலும் திட்டுவார். அதுகூடப் பரவாயில்லை. 'வந்தா வரட்டும், எனக்கென்ன' என்று சொல்லிவிட்டால்? அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு அவளால் அடுத்த வேளைச் சோறு பொங்க முடியாது.

"யாருக்கும் இல்ல" என்றாள்.

பெரியவள் தட்டினாள். 'அப்பா தூங்குறாரு' அழிந்தது. அந்த இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த, அர்த்தமில்லாத ஒரு பெயர் வந்து உட்கார்ந்தது. சிக்னலின் வீச்சையும் பாதிக்குக் கீழே இறக்கினாள். பெட்டி உள் அறை அலமாரிக்குப் போனது. கொம்புகள் சுவரைப் பார்த்தன.

அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

*

அடுத்த கால் மணி நேரத்தில் கட்டடமே அநாதையானது. கதவைத் தட்டிய முதல் ஆள் பல் டாக்டர்.

"வைஃபை என்னாச்சும்மா? ஒரு பேஷன்ட்டை வாயைத் திறக்க வச்சுட்டு வந்திருக்கேன்."

"பூட்டியாச்சுங்க" என்றார் லிப்ட்காரர்.

"பூட்டியாச்சா? இத்தனை வருஷப் பழக்கத்துல?"

"பழக்கம் வேற, நெட்டு வேற. உங்க ஊசியை நான் கேட்டேனா?"

நாலு மணிக்கு அலுவலகத்திலிருந்து சோதித்தார்கள். பெரியவள் காதுமாட்டியோடு நிமிர்ந்து உட்கார்ந்து "ஆமா சார், மாத்தியாச்சு சார்" என்றாள். கடைசியில் நாற்காலியில் சாய்ந்தாள். தேறிவிட்டாள். வேலை நிலைத்தது. அம்மா அவள் தலையைத் தடவினாள். அடுத்த டாக்டர் அதற்குள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்.

காலையில் அனுப்பிய மெசேஜ், 'பசிச்சா வீட்டுக்கு வாடா'. ஒற்றை டிக். இனி என்றைக்கும் ஒற்றை டிக்தான். தெருவழியே வருவான். போனை எடுத்துப் பார்ப்பான். வீடு இருக்கும், பெயர் இருக்காது. தெருப்பக்க ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அம்மா நின்றாள். கடலே வற்றிப்போய் அதன் நடுவில் அவளை மட்டும் நிறுத்திவைத்ததுபோல இருந்தது.

அந்தி மங்கியது. லிப்ட்காரர் கட்டடத்தாரைச் சமாதானப்படுத்தக் கீழே போயிருந்தார். விளக்கைப் போடலாம் என்று அம்மா திரும்பியபோது, புது வைஃபையில் இன்னும் சேர்க்காத அவள் போன் கையில் அதிர்ந்தது.

'அப்பா தூங்குறாரு' — இணைந்தது. இணையம் இல்லை.

அம்மா மறுபடி படித்தாள். உள் அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். பெட்டி புதுப் பெயரோடு அமைதியாக இருந்தது. அப்படியானால் இது பெட்டி இல்லை. பக்கத்தில் எங்கோ, அந்தப் பெயரும் அந்தக் கடவுச்சொல்லும் வைத்த ஒரு போன் தன் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதில் நெட் இல்லை. இருந்தாலும் திறந்திருக்கிறது. அவன் திரையில், ஒருவர் இணைந்திருக்கிறார் என்று இந்நேரம் விழுந்திருக்கும்.

செருப்பைத் தேடவில்லை. படியில் இறங்கினாள். அவள் முட்டி வலிக்கு ஊரிலுள்ள தைலமெல்லாம் தோற்றிருந்தது. அன்று அந்த முட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டாம் மாடியில் சிக்னல் கோடு ஒன்று குறைந்தது. முதல் மாடியில் இன்னொன்று. தெருவுக்கு வந்தபோது பெயரே இல்லை.

தெரு முழுக்க ஆள். எல்லார் கையிலும் போன். எல்லார் முகத்திலும் அந்த நீல வெளிச்சம். கொடிக்கம்பம்போல ஒருவனும் இல்லை. சைக்கிள் கடை வரை போனாள், திரும்பினாள்.

உள்ளே வந்தால், திறந்த லிப்டுக்குள் லிப்ட்காரர் சிலைபோல நின்றிருந்தார். பொத்தான்களுக்குக் கீழே, சீட்டைச் சுரண்டிய வெளுத்த சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பேனாவால் ஒரு வார்த்தை.

'சரிப்பா.'

கட்டை விரலால் ஓரத்தைத் தொட்டார். மை ஈரமாக இழுபட்டது.

"என்னங்க" என்றாள் அம்மா. அதற்குமேல் மடிப்பெல்லாம் கலைந்துபோனது. டிக்கையும் ஜன்னலையும் கொம்பையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "பேரையும் அழிச்சோம், சீட்டையும் சுரண்டினோம். அவன் என்ன நினைப்பான்? நீங்கதான் துரத்தச் சொன்னீங்கன்னு நினைப்பான். தெருவுல தேடினேன், இல்லீங்க. போயிட்டான்."

லிப்ட்காரர் அவளை உள்ளே இழுத்துக் கம்பிக் கதவை மூடினார். மேல்மாடிப் பொத்தானை அமுக்கினார்.

"தெருவுல இல்லம்மா. மேல."

"மேலயா?"

"இந்த லிப்டுக்கு நான் எண்ணெய் போட்டு வருஷமாச்சு. இந்தக் கையால முடியல. ஆனா வெண்ணெய் மாதிரி ஓடுது. என் குரலுக்குப் பயந்து ஓடுதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன்." குரல் உடைந்தது. "மேல இருக்கிற மெஷின் ரூமுக்குச் சாவி ரெண்டு பேர்கிட்டதான், என்கிட்ட ஒண்ணு, அவன்கிட்ட ஒண்ணு. அவன் வருவான். சாயங்காலத்துல. கம்பி வழியா எண்ணெய் டப்பா சத்தம் கேக்கும். நான் கண்ணை மூடிப் படுத்திருப்பேன்."

"தூங்கறீங்கன்னு நினைச்சேனே."

"நான் தூங்கல. எழுந்து போனா ஓடிருவான். கண் முன்னாடி நிக்காதேன்னு சொன்னது நான்தானே. கேட்டுக்கிட்டாவது இருக்கலாம்னு."

இவளிடம் ஒரு பாதி, அவரிடம் ஒரு பாதி. ஒரே கூரையின் கீழே, ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, ஒரு வருஷமாக இருவரும் அவரவர் பாதியை முந்தானையிலும் சட்டைப் பையிலும் முடிந்து வைத்திருந்தார்கள்.

லிப்ட் முதல் மாடியைத் தாண்டியது. அம்மாவின் போனில் அந்தப் பெயர் மீண்டும் வந்தது. ஒரு கோடு. இரண்டாம் மாடி. இரண்டு கோடு. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, லிப்டைத் தோளால் தூக்கிவிடுகிறவள்போலக் குதிகாலில் எம்பினாள்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் லிப்ட் நின்றது. விளக்கு அணைந்தது.

"கரண்ட் போச்சா?"

படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. "இல்ல" என்றார் லிப்ட்காரர். "மெயின்."

மேலே ஒரு இரும்புக் கதவு சாத்தும் சத்தம். பிறகு காலடி. லிப்டைச் சுற்றிச் சுற்றி இறங்கும் படியில், தலைக்கு மேல், பிறகு பக்கவாட்டில். போனில் மூன்று கோடு. முழுசாக. கம்பிக்கு அப்பால் சுவரோரமாக ஒரு நெட்டை நிழல், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கடந்தது. கண் முன்னாடி நிற்காதே என்ற சொல்லை அவன் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

அம்மா கூப்பிட வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. லிப்ட்காரருக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. வெளியே வந்தது அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வி.

"பூட்டு போட்டியாடா?"

காலடி நின்றது. பல் டாக்டர் வீட்டு மிஷின்கூட ஓய்ந்ததுபோல இருந்தது.

"போட்டுட்டேம்பா."

அன்றைக்கும் இதே பதில்தான். இன்றைக்கு அது உண்மை.

காலடி மறுபடி இறங்கியது. இரண்டு கோடு. ஒரு கோடு. கீழே தெருக்கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. பெயர் மறைந்தது. மூன்றாம் மாடியில் பெரியவள் காதில் ஒரு டாக்டர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்; இவர்கள் கத்தினாலும் அவளுக்கு எட்டாது. போன் போடலாமென்றால் லிப்டுக்குள் டவர் இல்லை. வைஃபையைத்தான் மத்தியானம் பூட்டியாயிற்று.

லிப்ட்காரர் தரையில் உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, விரல் குறைந்த அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அரையிருட்டில் கேட்டாள்.

"ஏங்க, பூட்டினவன்தானே திறக்கணும்?"

அவர் அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"சாவி அவன் பையிலதானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப அவன்தானே வரணும்?"

லிப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. படியில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.